அறுபத்து நான்கு முறை காது கேட்காதவர்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் காது அண்ணனின் காதுகளைப் போலக் கூர்மையான இரண்டு காதுகள் கிடைக்காது. அந்தக் காதுகள் சரியில்லை என்று பதினொரு ஆண்டுகள் தினந்தோறும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரேதான். இரண்டும் நடந்தவை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுதி வைப்பது என் வழக்கம். பதினேழு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். அம்மை போட்டிருந்த ஒன்பது நாள்களை மட்டும் பிறகு நினைவிலிருந்து எழுதினேன். அந்த ஒன்பது பக்கங்களும் பென்சிலில் இருக்கும். உறுதியாகத் தெரிந்தது பேனாவில், மற்றது பென்சிலில் என்பது என் விதி. இந்தப் பழக்கத்தினால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. காது அண்ணனின் வேலைக்கு ஆபத்து வந்ததும் இதனால்தான்.

நாங்கள் இருவரும் சுபாங் ஜெயாவில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் வேலை பார்த்தோம். வாஷிங் மெஷின், ஐஸ்பெட்டி, தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. கம்பெனியின் பெயர் வேண்டாம். நாற்பது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு போனில் பேசுவார்கள். பதிவான பேச்சை மறுநாள் உட்கார்ந்து கேட்டு, படிவத்தில் மதிப்பெண் போடுவது என் வேலை. வணக்கம் சொன்னாரா, குறுக்கே பேசினாரா, சொன்ன காரணம் உண்மையா என்று மொத்தம் இருபது கேள்விகள். அலுவலகத்தில் என்னை டைரி அக்கா என்பார்கள். காது அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர், கிள்ளான்காரர், தனிக்கட்டை. அவர் மட்டும் 'டைரி' என்று கூப்பிட்டுப் பின்னால் ஒரு 'மா' சேர்த்துக்கொள்வார்; சில நேரம் எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வும் ஒட்டிக்கொள்ளும்.

எங்களுக்கு வரும் போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே காலைப்பொழுதில் கிளந்தான் மலாய், பினாங்குச் சீனரின் ஆங்கிலம், சபாவிலிருந்து வேறொரு மலாய், பிரிக்பீல்ட்ஸிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ், எந்த நாடென்றே தெரியாத ஓர் எஞ்சினியரின் ஆங்கிலம் எல்லாம் வரும். எல்லாருக்கும் தண்ணீர் ஒழுகும், எல்லாரும் கோபமாக இருப்பார்கள், கோபத்தில் எல்லாரும் இரண்டு மடங்கு வேகமாகப் பேசுவார்கள். பாதி புரியாது. அப்போது என்ன சொல்ல வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த தாளில் பதினான்காவது வரியில் இருந்தது: 'தயவுசெய்து கொஞ்சம் தெளிவாகப் பேச முடியுமா?'

அந்த வரியைக் காது அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் நான் இரண்டு மதிப்பெண் குறைத்தேன். ஒரு நாள் தேத்தண்ணி இடைவேளையில் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, 'தயவுசெய்து'ன்னுதானே இருக்கு? அதுல என்ன தப்பு?"

"தெளிவா பேசுங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்றது, மூஞ்சியைக் கழுவிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி மா. தயவுசெய்து கழுவிட்டு வாங்கன்னா மட்டும் சந்தோஷப்படுவாங்களா?"

அதனால் அவர் பழியைத் தூக்கி வேறு எதன் மீதாவது போடுவார். தொடக்கத்தில் காதில் மாட்டும் கருவி மீது போட்டார். 'இந்த சாமான் பழசு சார், கொரகொரங்குது, இன்னொரு தடவை சொல்றீங்களா?' கேட்டவர்கள் பாவப்பட்டு மெதுவாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாடிக்கையாளர் அதைப் புகாராகவே எழுதி அனுப்ப, கம்பெனி எல்லாருக்கும் புதுக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டது. பிறகு பக்கத்தில் போட்டோஸ்டாட் மெஷின் ஓடுகிறது என்றார். அந்த மெஷின் மூன்று மாதமாகக் கெட்டுக் கிடந்தது. அதைப் பழுது பார்க்க வந்தவனே, காத்திருந்த நேரத்தில் அவர் இப்படிச் சொல்வதைக் கேட்டு மிரண்டு போனான்.

அடுத்து மழை வந்தது. மழை நல்ல காரணம். இந்த ஊரில் எப்போது வேண்டுமானாலும் மழை பெய்யலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆறு மாதம் எங்கள் ஏழாவது மாடியில் அடை மழை. ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவரிடம், 'பாஸ், இங்க பேய் மழை, ஒண்ணும் கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க' என்றார். எதிர்முனையில் அந்த மனிதர் நிதானமாக, "அண்ணே, நீங்க எந்த பில்டிங்?" என்றார். காது அண்ணன் சொன்னார். "நான் எதிர்த்த பில்டிங்தான். சன்னல்கிட்ட வாங்க, கை காட்டறேன்."

காது அண்ணன் சன்னலுக்குப் போனார். எதிரே பத்தாவது மாடியில் ஒருவர், கொளுத்தும் வெயிலில், கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இவரும் பதிலுக்கு ஆட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

அன்று மாலை என் மேசைக்கு வந்து, "யோசிச்சுப் பாத்தேன் மா. இனிமே காதுதான். காதுன்னா யாரும் சன்னல்ல எட்டிப் பாக்க முடியாது" என்றார்.

இப்படித்தான் அவர் காது அண்ணன் ஆனார். 'என் காது கொஞ்சம் மந்தம் மா, கோவிச்சுக்காம இன்னொரு தடவை சொல்லுங்க.' ஆங்கிலத்திலும் மலாயிலும் இதற்கு அவரிடம் தனித்தனி வடிவங்கள் உண்டு. மலாய் வடிவத்தில் ஒரு பெருமூச்சும் இருக்கும்.

பலன் அமோகம். கத்திக்கொண்டு வந்தவர்கள் அடங்கிப் போனார்கள். காது கேட்காத மனிதரிடம் யார் கத்துவார்கள்? அதாவது, கத்தத்தான் செய்தார்கள், ஆனால் அன்பாக. ஈப்போவிலிருந்து ஒரு சீன ஆன்டி காதுக்குச் சொட்டு மருந்து அனுப்பினார். தைப்பிங்கில் ஒருவர் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் நேரமே வாங்கி வைத்துவிட்டார். 'என்சிக் தெலிங்கா' என்று முகவரி எழுதி ஒரு பொட்டலத்தில் தைலம் வந்தது. மலாயில் திரு. காது என்று பொருள். கீழே வரவேற்பில் இருந்த பெண் யாரிடமும் விசாரிக்காமல் நேராக அவர் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

காதைச் சொல்லியும் புரியாவிட்டால், அடுத்த வழி ஒன்று வைத்திருந்தார். 'நல்லாப் பேசறவங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்க' என்று கேட்கவே மாட்டார். 'அந்த மெஷினை வீட்ல தினமும் யாரு பொழங்கறாங்க? அவங்களை ஒரு வார்த்தை கேக்கணும்' என்பார். ஒரு முறை கிளந்தானில் ஒரு வீட்டில் இப்படிக் கேட்கப்போய், மாமியார், மருமகள், மூத்த மகன், அவன் மனைவி, துணி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் என ஐந்து பேரும் வரிசையாகப் பேசினார்கள். ஐந்து பேரும் அதே வேகம், அதே பேச்சு. நாற்பத்தொரு நிமிடம். கடைசியில் காது அண்ணன் மலாயில் பணிவாகக் கேட்டுக்கொண்டார்: "ஒண்ணு செய்யுங்களேன். போனை மெஷின்கிட்டயே குடுங்க."

கொடுத்தார்கள். மெஷின் சுற்றியது. காது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உள்ள சாவி மாட்டியிருக்கு. ரெண்டு சாவி."

மறுநாள் பழுது பார்க்கப் போனவன் இரண்டு சாவிகளை எடுத்தான். ஒரே வளையத்தில் இருந்தனவாம். இதை நான் அந்தப் பையனிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, பேனாவில் எழுதினேன்.

இப்படியே போயிருக்கும். அவர் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தபோது புது மேனேஜர் வந்தார். ஸ்டெல்லா. பூச்சோங்கிலிருந்து வருவார். முப்பத்து நான்கு வயது, கெட்டிக்காரி, கெட்டவர் இல்லை. வந்த முதல் வாரமே, ஒவ்வொருவரும் வாடிக்கையாளரிடம் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று எண்ணிக்கையோடு ஓர் அறிக்கை கேட்டார். எண்ணிக்கை என்றால் எனக்கு இனிப்பு. எழுதிக் கொடுத்தேன். காது அண்ணனின் பெயருக்கு நேரே: 'தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று கூறியது: ஐந்து வேலை நாள்களில் 64 முறை.'

எண் சரி. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அதைப் படிப்பவர் என்ன நினைப்பார் என்பதைத்தான் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். "அங்கிள், பதினொரு வருஷமா காது கேக்காம போன்லயா உக்காந்திருக்கீங்க? யாராச்சும் மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"காது நல்லாத்தான் இருக்கு மேடம்."

"அப்ப இது என்ன? அறுபத்து நாலு!"

காது அண்ணன் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டைரி எழுதினா தப்பா இருக்காது மேடம்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஸ்டெல்லா முடிவு சொன்னார். காதைப் பரிசோதித்து எழுத்தில் கொண்டுவர வேண்டும். கேட்கவில்லை என்றால் ஷா ஆலம் கிடங்குக்கு மாற்றம். உதிரிபாகங்களை அடுக்கும் வேலை. சம்பளம் அதேதான்.

வெளியே வந்து காது அண்ணன் லிப்டின் பொத்தானை அழுத்தினார். லிப்டில்தான் வாயைத் திறந்தார்.

"கிடங்குல பெட்டிங்கதான் மா இருக்கும். வீட்லயும் பேச ஆளில்ல. அங்கயும் பெட்டிகூட உக்காந்தா, நான் யாருகிட்ட லா பேசறது?"

பரிசோதனைக் கூடம் பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. ஐஸ்பெட்டி மாதிரி ஒரு சிறிய அறைக்குள் அவரை உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போது அழுத்தச் சொன்னாள் அங்கிருந்த பெண். காது அண்ணன் அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். பொத்தான் மாட்டிக்கொண்டதோ என்று அவள் கதவைத் திறந்தாள்.

"அங்கிள், சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க."

"கேக்குது மா."

அவள் கருவியை நிறுத்திவிட்டு வந்தாள். அவர் மறுபடி அழுத்தினார்.

"இப்ப ஒண்ணுமே இல்லையே அங்கிள்?"

"உங்க கைக்கடியாரம் மா."

அவள் கடியாரத்தைக் கழற்றிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வந்தாள். இருபத்தைந்து வயது வாலிபனின் காது என்று எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது காது அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மேலே குளிரூட்டும் ஏர்கோனில் ஒரு திருகாணி கழன்றிருக்கிறது, ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மடங்கானது.

ஸ்டெல்லா அந்தத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப அறுபத்து நாலு தடவை பொய் சொல்லியிருக்கீங்க."

"பொய் இல்ல மேடம்."

"காது கேக்குதுன்னு எழுதியிருக்கே! ஒண்ணு, காது கேக்கல. இல்ல, பொய் சொல்லியிருக்கீங்க. எது அங்கிள்?"

"அவங்க பேசறது அவங்க வீட்ல எல்லாருக்கும் புரியுது மேடம். எனக்குத்தான் புரியல. அப்ப குறை யாருகிட்ட இருக்கு?"

ஸ்டெல்லா அசரவில்லை. "தாள்ல பதினாலாவது வரி எதுக்கு இருக்கு? மரியாதையாத்தானே எழுதியிருக்கு? வாங்க, நானே பேசிக் காட்டறேன்."

அவரே ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொன்றை எனக்குக் கொடுத்தார். வந்த முதல் போன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து. மகள் வீட்டோடு வந்து தங்கிவிட்ட யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். ஐஸ்பெட்டியைப் பற்றித்தான் ஏதோ சொன்னார். கோபம், வேகம், பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம். எனக்கு ஒரு சொல்கூட நிற்கவில்லை. ஸ்டெல்லாவின் புருவம் சுருங்கியது. மூன்று முறை கேட்டுப் பார்த்தார். நான்காவது முறை, மிக இனிமையான குரலில், பதினான்காவது வரியைத் தமிழிலேயே சொன்னார்.

"சார், தயவுசெய்து கொஞ்சம் தெளிவாப் பேச முடியுமா?"

மிக்ஸி நின்றது.

"தெளிவாவோ?" என்றார் பெரியவர். இப்போது ஒவ்வோர் எழுத்தும் விளங்கியது. "பிள்ளை, நான் நாப்பது வருசம் தமிழ் படிப்பிச்சனான்."

போனை வைத்துவிட்டார்.

ஸ்டெல்லாவின் காது சிவந்திருந்தது. காது அண்ணன் மெதுவாக, "மேடம், நான் ஒரு தடவை போட்டுப் பாக்கவா?" என்று கேட்டு, அந்த எண்ணை அழைத்தார்.

"வணக்கம் ஐயா. இப்ப பேசினவங்க எனக்காகத்தான் கேட்டாங்க. என் காது கொஞ்சம் மந்தம். நான்தான் உங்க பிரச்சினையை எழுதிக்கணும். தப்பு என்மேலதான்."

"அப்பிடிச் சொல்லுமன்!" பெரியவரின் குரலே மாறிவிட்டது. "காதுக்கு ஒரு வைத்தியரிட்டயும் காட்டேல்லையோ?"

"நேத்துதான் காட்டினேன் ஐயா."

"அவர் என்னவாம்?"

"வயசான காரணம்னு ஒண்ணும் சொல்லல ஐயா."

இதுவும் பொய்யில்லை என்பதை நான் கவனித்தேன்.

"சரி, பேப்பரும் பேனையும் எடும். நான் சொல்லச் சொல்ல எழுதும். பெட்டிக்குக் கீழால தண்ணி வருகுது. முற்றுப்புள்ளி. எழுதியாச்சோ? உள்ளுக்கை லைட் எரியேல்லை. முற்றுப்புள்ளி. பிழையில்லாமல் ஒருக்கா வாசிச்சுக் காட்டும் பாப்பம்."

காது அண்ணன் வாசித்துக் காட்டினார். பெரியவர் ஓர் இடத்தில் திருத்தினார். "கெட்டிக்காரன்" என்று பாராட்டி, நாளை ஆள் வர நேரமும் குறித்துக்கொண்டு வைத்தார். ஆறு நிமிடம். இருபது கேள்விகளில் அன்று அவருக்கு நான் எதிலும் குறைக்கவில்லை.

ஸ்டெல்லா கருவியைக் கழற்றி மேசைமீது வைத்தார். அறிக்கையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அக்கா, அறுபத்து நாலுன்னு எழுதினது நீங்க. காரணம்ங்கிற எடத்துல மூணு கட்டம் இருக்கு. உண்மை, பொய், சரிபார்க்கவில்லை. நீங்களே டிக் பண்ணுங்க. நான் சைன் போடறேன்."

'பொய்' என்றால் விசாரணை. 'உண்மை' என்றால் கிடங்கு. 'சரிபார்க்கவில்லை' என்று நான் எழுதினால், அது என்னைப் பற்றிய பொய். நான் சரிபார்க்காத ஒன்று உலகத்தில் கிடையாது என்பது ஏழாவது மாடிக்கே தெரியும்.

காது அண்ணன் என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே நல்ல வெயில்.

நான் பையிலிருந்து ரூலரை எடுத்தேன். மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில், அதே அளவில், நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன். அதன் மேல் 'மரியாதை' என்று எழுதி, உள்ளே டிக் போட்டேன். கம்பெனிப் படிவத்தில் நான் கை வைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

ஸ்டெல்லா அதை வெகுநேரம் பார்த்தார். "கட்டம் நேரா இருக்கு" என்றார். கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அச்சடித்து வந்த தாளில் பதினான்காவது வரி இல்லை. பதின்மூன்றுக்குப் பிறகு நேராகப் பதினைந்து. அது மட்டும் எனக்கு இன்றும் கண்ணை உறுத்துகிறது.

காது அண்ணன் பத்து மாதமும் போனிலேயே இருந்து ஓய்வு பெற்றார். இப்போது கிள்ளானில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, எட்டாவது மணியில்தான் எடுத்தார்.

"சாப்பிட்டாச்சா அண்ணே?"

"ஆமா மா, வெளிய நல்ல வெயில்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"அட, பாசார் மீன் கடைல இப்ப கூட்டமே இல்ல லா."

நான் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். பிறகு அவசரமாக, நான் கேட்காமலேயே, "லைன் பளிச்சுன்னு இருக்கு மா. எனக்கு நல்லாக் கேக்குது" என்றார்.

பதினொரு ஆண்டுகள், நாளுக்குப் பன்னிரண்டு முறை, யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் காது கேட்கவில்லை என்று சொன்ன மனிதர். இப்போது ஒரு தடவை சொல்ல முடியவில்லை.

நான் எழுந்து நின்றுகொண்டேன். நின்றால் எனக்குக் குரல் நன்றாக வரும்.

"அண்ணே! என் போன் பழசாயிடுச்சு! நான் பேசறது வெளிய போக மாட்டேங்குது! கொஞ்சம் கத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க!"

எதிர்முனையில் அந்தப் பழைய சிரிப்பு, மூக்கு வழியாக வருவது.

"நாலாவது கட்டமா மா?"

"போன் கெட்டுப்போச்சு அண்ணே! அவ்வளவுதான்!"

"சரி சரி. அப்ப நல்லாக் கத்து."

இருபத்திரண்டு நிமிடம் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அந்தப் போனை நான் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'காது அண்ணனுடன் 22 நிமிடம். என் போனில் கோளாறு.'

பேனாவில்தான் எழுதினேன்.